இஸ்தான்புல் நகரில் ஒப்பிலக்கியம்: எரிக் ஔவர்பாக்கும் திருமறை வாசிப்பும்

திருமறையை மூலமொழிகளில் பயிலப் புகும் மாணவர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒப்பிலக்கியத்தின் வாயிலில் வந்து நிற்கின்றார். எபிரேயத்தில் ஒரு சொல், எழுபதின்மர் பெயர்ப்பாகிய கிரேக்கத்தில் அதற்கு ஒரு சொல், இலத்தீனில் மற்றொன்று, நம் தமிழ்த் திருமறையில் வேறொன்று. நான்கையும் அருகருகே வைத்து, ஒன்று மற்றொன்றிலிருந்து எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று வினவும் பழக்கமே ஒப்பிலக்கியத்தின் தொடக்கம். ஆயினும் இத்துறை உயர்கல்வித் துறையாக உருப்பெற்ற வரலாறு நம்மிடையே மிகுதியும் பேசப்படவில்லை. அவ்வரலாற்றின் ஒரு பகுதி நாடு கடந்து வாழ நேர்ந்த ஒரு யூதப் பேராசிரியரின் மேசையில், ஓர் இஸ்லாமிய நகரில், ஒரு கத்தோலிக்கத் துறவி மடத்து நூலகத்தின் துணையோடு எழுதப்பட்டது. அப்பகுதியையே இக்கட்டுரையில் நாம் காண விழைகின்றோம்.

முன்வரலாற்றைச் சுருங்கக் கூறிவிடலாம். 1827 ஜனவரியில், சீனப் புதினம் ஒன்றைப் படித்திருந்த கெதே, இனி ஒரு நாட்டின் இலக்கியம் என்று தனித்துப் பேசுவதில் பொருளில்லை, உலக இலக்கியத்தின் காலம் வந்துகொண்டிருக்கிறது என்ற கருத்தைத் தம் செயலாளர் எக்கர்மனிடம் வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 1877ஆம் ஆண்டில், அன்று அங்கேரிக்கு உட்பட்டு இன்று ருமேனியாவில் உள்ள கொலொஷ்வார் நகரில் சாமுவேல் பிராசாய், ஹ்யூகோ மெல்ட்சல் ஆகிய இருவரும் ஒப்பிலக்கியத்திற்கென ஓர் இதழைத் தொடங்கினர். ஒப்பிலக்கிய அறிஞன் பத்து மொழிகளில் வல்லவனாதல் வேண்டும் என்பது மெல்ட்சலின் கொள்கை. அப்பத்தும் ஐரோப்பிய மொழிகளே என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்வோம். பாரசீகத்தை மொழிபெயர்ப்பில் பயின்று தம் கவிதையில் ஏற்ற கெதேயை முன்னோராகக் கொண்ட துறை, பாரசீகத்திற்குத் தன் பட்டியலில் இடம் அளிக்கவில்லை. 1886இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பணியாற்றிய போஸ்னெட் என்னும் ஐரிஷ் அறிஞர் இத்துறையின் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இவர்கள் அனைவருக்கும் முன்னோடியாக நின்றது ஒப்பிலக்கணம். அவ்வகையில் இடையன்குடியில் ஊழியம் புரிந்த கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் மெல்ட்சல், போஸ்னெட் ஆகியோரின் முயற்சிகளுக்கு மூத்தது. ஆனால் அவர் ஒப்பிட்டது மொழியை, இலக்கியத்தை அன்று.

பல மொழிகளைக் கசடறக் கற்று, அவற்றின் இலக்கியங்களை ஒருசேர நோக்கும் உயர்பயிற்சி செருமானியப் பல்கலைக்கழகங்களில் வேறொரு பெயரில் வளர்ந்தது. உரோமான்சு மொழிநூல் என்பது அதன் பெயர். இலத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சு, இத்தாலியம், எசுப்பானியம், போர்த்துக்கீசியம், புரொவான்சால் முதலிய மொழிகளை ஒரு குடும்பமாகக் கொண்டு பயிலும் துறை அது. ஒரு மொழியில் மட்டும் தேர்ந்தவருக்கு அங்கே இடமில்லை. இத்துறையின் இரு பெரும் அறிஞர் லியோ ஸ்பிட்சர், எரிக் ஔவர்பாக் ஆகியோர். இருவரும் யூதர்.

1933 ஏப்ரலில் நாசி அரசு இயற்றிய அரசுப்பணிச் சட்டம் யூதப் பேராசிரியர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியது. கொலோன் நகரில் பணியாற்றிய ஸ்பிட்சர் அவ்வாண்டே பதவி இழந்தார். ஔவர்பாக் முதல் உலகப்போரில் களத்தில் நின்று காயமுற்று இரும்புச் சிலுவை விருது பெற்றவர். போர்முனையில் பணியாற்றியோருக்குச் சட்டம் தொடக்கத்தில் அளித்த விலக்கினால் மார்பர்க் நகரில் இரண்டாண்டுகள் தாக்குப்பிடித்தார். 1935இல் அவ்விலக்கும் நீக்கப்பட்டது.

இவர்களுக்கு வாயில் திறந்தது துருக்கி. முஸ்தபா கெமாலின் அரசு 1928இல் அரபு எழுத்தை நீக்கி இலத்தீன் எழுத்தைப் புகுத்தியிருந்தது. அடுத்து உயர்கல்வியைச் சீரமைக்க எண்ணி, ஜெனீவாவிலிருந்து ஆல்பர்ட் மால்ஷ் என்னும் கல்வியறிஞரை அழைத்து அறிக்கை பெற்றது. அதன் விளைவாக 1933 ஜூலை இறுதியில் பழைய ‘தாருல்புனூன்’ மூடப்பட்டது. மறுநாள் இஸ்தான்புல் பல்கலைக்கழகம் சட்டப்படி தோன்றியது. பழைய ஆசிரியருள் பாதிக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். அவ்விடங்களில் செருமானியாவிலிருந்து துரத்தப்பட்டோர் அமர்த்தப்பட்டனர். ஓர் அரசின் கொடுமை மற்றோர் அரசின் சீர்திருத்தத்திற்கு ஆள் தந்தது என்று இதனை எளிதாகக் கூறிவிடலாம். ஆனால் வேலையிழந்த துருக்கிய ஆசிரியரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இக்கதை அவ்வளவு இனிமையானதன்று. அகதியின் நாற்காலி எப்பொழுதும் வெற்று நாற்காலியாக இருப்பதில்லை.

1933 முதல் 1936 வரை ஸ்பிட்சர் இஸ்தான்புலில் பணியாற்றினார். அவருடைய ஆய்வரங்கு பல மொழிகள் கலந்து ஒலித்த இடம். புலம்பெயர்ந்த செருமானிய உதவியாளர்களும் துருக்கிய மாணவர்களும் அங்கே ஒருங்கே அமர்ந்தனர். பேராசிரியர் பிரெஞ்சு மொழியில் பேச, உதவியாளர் துருக்கியில் பெயர்த்துரைப்பர். 1937இல் வெளிவந்த அவ்வாய்வரங்கின் ஆண்டிதழில் துருக்கி, பிரெஞ்சு, செருமானியம் ஆகிய மொழிகளில் கட்டுரைகள் இடம்பெற்றன. ஸ்பிட்சர் துருக்கி மொழியைத் தாமே கற்று, கற்ற அனுபவத்தைப் பற்றியும் எழுதினார். வேற்றுமொழியைக் கற்கும் மூத்தோர் மீண்டும் குழந்தையாக வேண்டியிருக்கிறது என்பதை நம் நாட்டில் ஊழியம் செய்ய வந்து, தமிழ் எழுத்துகளோடு மல்லாடிய முற்கால அருட்பணியாளர்களும் அறிந்திருந்தனர். அம்மாணவருள் ஒருவரான அஸ்ரா எர்ஹாத் என்னும் பெண்மணி பிற்காலத்தில் அ. காதிர் என்னும் கவிஞரோடு இணைந்து ஹோமரின் இலியத்தைத் துருக்கி மொழிக்குக் கொணர்ந்தார்.

ஸ்பிட்சர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபின், 1936இல் அவ்விடத்திற்கு ஔவர்பாக் வந்தார். 1892இல் பெர்லினில் பிறந்தவர். முதலில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று, போருக்குப்பின் இலக்கியத்தில் மீண்டும் பட்டம் பெற்றவர். பெர்லின் அரசு நூலகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். இத்தாலிய மெய்யறிஞர் வீக்கோவைச் செருமானியத்தில் பெயர்த்தவர். 1929இல் அவர் தாந்தேயைப் பற்றி வெளியிட்ட நூலே அவருக்குப் பேராசிரியர் பதவியைப் பெற்றுத்தந்தது. பதினோராண்டுகள் அவர் இஸ்தான்புலில் வாழ்ந்தார்.

அவருடைய மாணவர் யார் என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். எழுத்து மாற்றத்தின் நடுவே பள்ளிக்கல்வி பெற்றவர்கள். தம் பாட்டனார் எழுதிய கடிதத்தைப் படிக்க இயலாதவர்கள். 1937 ஜனவரியில் தம் நண்பர் வால்ட்டர் பென்யமினுக்கு எழுதிய கடிதத்தில் ஔவர்பாக் இதனைக் கவலையோடு குறிப்பிடுகின்றார். இருபத்தைந்து வயதிற்குட்பட்ட எவரும் பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சமய நூலையோ இலக்கிய நூலையோ புரிந்துகொள்ள இயலாத நிலை வந்துவிட்டது என்பது அவர் கண்டது. இம்மாணவருக்கென அவர் பிரெஞ்சு மொழியில் உரோமான்சு மொழிநூலுக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். அவர்தம் மாணவியும் உதவியாளருமான சுஹைலா பைராவ் அதனைத் துருக்கியில் பெயர்த்து 1944இல் வெளியிட்டார். மொழிநூல் அறிமுகத்தில் கிறிஸ்தவத்தின் தோற்றம் பற்றியும் ஒரு பகுதி உண்டு. அதனை அறியாதார்க்கு தாந்தேயும் விளங்கார், பிரெஞ்சு நாடகமும் விளங்காது என்பதனால், இஸ்லாமியச் சூழலில் வளர்ந்த இளைஞருக்கு ஒரு யூத ஆசிரியர் திருச்சபையின் தொடக்க வரலாற்றை எடுத்துரைத்தார். மதமாற்றமும் அங்கே நோக்கமன்று, மறுப்பும் நோக்கமன்று. நம் கல்லூரிகளில் பிற சமயங்களைக் கற்பிப்போர் இந்நூற்பகுதியின் தொனியை ஆராய்ந்து பார்க்கலாம்.

இனி, இறையியல் மாணவருக்கு நேரே பயன்படும் பகுதிக்கு வருவோம். 1938இல் ஔவர்பாக் ‘ஃபிகூரா’ என்னும் நெடுங்கட்டுரையை வெளியிட்டார். ஒரே ஓர் இலத்தீன் சொல்லின் வரலாறு அது. குயவன் மண்ணைப் பிசைந்து உருக்கொடுக்கும் தொழிலைச் சுட்டும் வேரிலிருந்து பிறந்த சொல் ஃபிகூரா. தெரன்ஸ், வாரோ, லுக்ரீசியஸ், சிசெரோ ஆகியோரிடம் அது வடிவம், தோற்றம், அணி என்றெல்லாம் பொருள் விரிந்து வளர்கிறது. பின்னர் ஆப்பிரிக்கத் திருச்சபையின் தெர்த்துல்லியன் கையில் அச்சொல் முற்றிலும் புதிய பொறுப்பை ஏற்கிறது. எண்ணாகமம் 13ஆம் அதிகாரத்தில் மோசே நூனின் குமாரனாகிய ஓசேயாவுக்கு யோசுவா என்று பெயரிடுகின்றார். வாக்குத்தத்த நாட்டிற்குள் மக்களை நடத்திச்சென்ற அந்த யோசுவா, அதே பெயரைத் தாங்கி வரவிருந்த இயேசுவுக்கு ஃபிகூரா என்கிறார் தெர்த்துல்லியன்.

இதில் ஔவர்பாக் அழுத்திக் கூறுவது யாதெனில், முன்னடையாளமாகிய யோசுவா ஒரு கற்பனை நிழல் அல்லர், காலத்தில் வாழ்ந்தவர். நிறைவேற்றமாகிய கிறிஸ்துவும் காலத்தில் வாழ்ந்தவர். இரு முனைகளும் வரலாற்றில் ஊன்றி நிற்கின்றன. இரண்டையும் இணைக்கும் அறிவு மட்டுமே ஆவிக்குரிய செயல். ஃபிலோவிடமும் ஓரிகனிடமும் மேலோங்கிய உருவக விளக்கம் இத்தகையதன்று. அங்கே நிகழ்ச்சி உதிர்ந்துபோய்க் கருத்து மட்டும் எஞ்சுகிறது. ஆபிரகாமின் பயணம் ஆன்மாவின் பயணமாகக் கரைந்துவிடுகிறது. ஃபிகூராவில் ஆபிரகாம் ஆபிரகாமாகவே நிற்கின்றார். நம் பிரசங்க பீடங்களில் இவ்விரண்டும் எவ்வளவு எளிதாகக் கலந்துவிடுகின்றன என்பதை நாம் அறிவோம்.

ஈண்டு நம் தமிழ்த் திருமறையையும் ஒருகணம் திறந்து பார்ப்பது தகும். ரோமர் 5:14இல் ஆதாமைப் பற்றிப் பவுல் வழங்கும் கிரேக்கச் சொல் ‘தூப்பொஸ்’. நம் பழைய பெயர்ப்பு அதனை ‘முன்னடையாளம்’ என்கிறது. அதே சொல்லின் பன்மை 1 கொரிந்தியர் 10:6இல் வருகிறது. அங்கே நம் பெயர்ப்பு ‘திருஷ்டாந்தம்’ என்கிறது. முன்னது பின்வருவதொன்றை நோக்கி நீளும் சொல். பின்னது படிப்பினைக்காகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. ஒரே கிரேக்கச் சொல் தமிழில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இலத்தீன் வுல்காத்தாவும் இதே இடத்தில் பிரிகிறது: ரோமரில் ‘ஃபோர்மா’, கொரிந்தியரில் ‘ஃபிகூரா’. மொழிபெயர்த்தோர் பிழை செய்தனர் என்று நாம் கூறவில்லை. இடத்திற்கேற்பப் பொருளை எடைபோட்டனர். ஆனால் தமிழை மட்டும் வாசிப்போர், வனாந்தரத்தில் மடிந்த இஸ்ரவேலரையும் ஆதாமையும் பவுல் ஒரே சொல்லால் கட்டினார் என்பதை அறிய வழியில்லை. ஔவர்பாக்கின் முறை முழுவதும் இத்தகைய ஒரு சிறு சொல்லைப் பற்றிக்கொண்டு தொடங்குவதே. பெருங்கருத்துகளிலிருந்து புறப்படாமல், கையில் பிடிக்கத்தக்க ஒரு புள்ளியிலிருந்து புறப்படுதல் வேண்டும் என்று அவர் பின்னாளில் விளக்கினார்.

இக்கட்டுரை தோன்றிய காலத்தை நினைவுகூராமல் இதனை மொழிநூல் ஆராய்ச்சியாக மட்டும் வாசித்தல் இயலாது. 1933 நவம்பர் 13 அன்று பெர்லின் விளையாட்டு அரங்கில் ‘செருமானியக் கிறிஸ்தவர்’ இயக்கத்தார் கூடிய பெருங்கூட்டத்தில், பழைய ஏற்பாட்டைத் திருச்சபை கைவிடவேண்டும் என்று அவ்வியக்கத்தின் பெர்லின் தலைவர் ரைன்ஹோல்ட் கிரௌசே வெளிப்படையாகக் கோரினார். 1939 மே மாதம், செருமானியச் சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை அகற்றுவதற்கென்றே ஐசனாக் நகரில் ஓர் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் ஆய்வுப்பணியை நடத்தியவர் யேனா பல்கலைக்கழகத்தில் புதிய ஏற்பாடு கற்பித்த வால்ட்டர் குருண்ட்மன். அடுத்த ஆண்டு அந்நிறுவனம் யூதத் தன்மை நீக்கப்பட்ட ஒரு புதிய ஏற்பாட்டையும் அச்சிட்டு வெளியிட்டது. கிரேக்கமும் எபிரேயமும் கற்ற இறையியலார் செய்த வேலை இது. மொழிப்புலமை மட்டும் ஒருவரைக் காப்பதில்லை என்பதற்கு இதனினும் கசப்பான சான்று நமக்கு வேண்டுவதில்லை.

‘ஃபிகூரா’ கட்டுரை இவர்களோடு வழக்காடவில்லை. இரண்டாம் நூற்றாண்டையும் பதினான்காம் நூற்றாண்டையும் பற்றியே பேசுகிறது. ஆயினும் பழைய ஏற்பாட்டு மனிதர்களின் வரலாற்று மெய்ம்மையை நீக்கினால் கிறிஸ்தவ விளக்கமே அடித்தளம் இழந்துவிடும் என்பதை நாடு கடத்தப்பட்ட ஒரு யூதர் சபைத் தந்தையரின் நூல்களைக் கொண்டே நிலைநாட்டினார் என்றால், அதனை அக்காலத்திற்குக் கூறிய மறுமொழியாகக் கொள்வதே பொருத்தம் என்பது நம் கருத்து. அதே வேளையில், இம்முறையினால் யூதர் இழந்தது யாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. இஸ்ரவேலின் நியாயப்பிரமாணமும் வரலாறுமாக இருந்த நூலைப் பவுலின் வாசிப்பு கிறிஸ்துவை நோக்கிய வாக்குத்தத்தங்களின் தொடராக மாற்றிவிட்டது என்று அவரே எழுதுகின்றார். முன்னடையாளம் என்று நாம் அழைப்பவர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் தம் வரலாற்றைத் தம் வரலாறாகவே வாசிக்கின்றனர் அன்றோ?

1942 மே முதல் 1945 ஏப்ரல் வரை, ஐரோப்பா எரிந்துகொண்டிருந்த மூன்றாண்டுகளில், ஔவர்பாக் தம் பெருநூலை எழுதினார். ‘மிமேசிஸ்’ என்பது அதன் பெயர். 1946இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வெளிவந்தது. மேலை இலக்கியம் மனித வாழ்வை எவ்வாறு மெய்யாகச் சித்திரித்தது என்பதை ஹோமர் முதல் வர்ஜீனியா வுல்ஃப் வரை ஆராயும் நூல் அது.

அதன் முதல் இயல் ஹோமரின் ஒதிசியையும் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறது. ஒதிசியின் பத்தொன்பதாம் காண்டத்தில், பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்பிய ஒதிசியசின் கால்களை முதிய செவிலி கழுவும்போது தொடையிலுள்ள தழும்பைத் தொட்டுணர்ந்து அவனை அடையாளம் காண்கிறாள். உடனே கவிஞர் கதையை நிறுத்திவிட்டு, அத்தழும்பு எந்த வேட்டையில், எந்தக் காட்டுப் பன்றியால் உண்டாயிற்று என்பதை நிதானமாக விரித்துரைக்கின்றார். எதுவும் இருளில் விடப்படுவதில்லை. ஆதியாகமத்திலோ தேவன் எங்கிருந்து பேசுகின்றார், ஆபிரகாம் எங்கே நின்று கேட்டார் என்பதற்குக் குறிப்பில்லை. மூன்று நாள் வழிப்பயணத்தில் நிலம் இல்லை, வானிலை இல்லை, ஒரு பேச்சும் இல்லை. தந்தையின் நெஞ்சில் என்ன நிகழ்ந்தது என்று கதை சொல்வதில்லை. சொல்லாததனாலேயே நாம் அந்நெஞ்சினுள் இறங்கவேண்டியவர்களாகின்றோம். ஹோமர் தம் உலகிற்குள் நம்மைச் சில நாழிகை மகிழ்விக்கின்றார். திருமறைக் கதையோ நம் உலகமே தனக்குள் அடங்கவேண்டும் என்று கோருகிறது. இக்கோரிக்கையின் கடுமையை, அதை நம்பாதவரும் உணருமாறு ஔவர்பாக் எழுதியிருக்கின்றார். ஹோமரை இவ்வளவு வெளிச்சமாகக் காண்பது பொருந்துமா என்று கிரேக்க அறிஞர் கேட்பர், அக்கேள்வி நியாயமானதே.

நம்மை இவ்வியலினும் ஆழமாகத் தொடுவது இரண்டாம் இயலில் வரும் பேதுருவின் மறுதலிப்பு. பண்டைய இலக்கியத்தில் உயர்ந்த நடை அரசருக்கும் வீரருக்கும் உரியது. மீனவன், வேலைக்காரி போன்றோர் நகைச்சுவைக்கே உரியவர். இது எழுதப்படாத சட்டம் போல் நின்றது. உரோமப் பேரரசின் பெத்ரோனியசும் தாசித்துவும் அச்சட்டத்தை மீறவில்லை. மாற்கு சுவிசேஷத்தின் முற்றத்திலோ, குளிர்காயும் ஒரு கலிலேய மீனவன் ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு அஞ்சி நடுங்கி, பின்னர் அழுகின்றான். அவ்வழுகை உலகத்தின் மிகப்பெருந் துன்பியலாக நிற்கிறது. எழுதியவருக்கு இலக்கியப் புரட்சி செய்யும் எண்ணம் துளியும் இல்லை. தேவன் தச்சனாகப் பிறந்து குற்றவாளிகளின் மரணத்தை ஏற்றார் என்னும் செய்தியே நடைகளின் வேலியை முறித்துவிட்டது என்கிறார் ஔவர்பாக். மனித அவதாரக் கொள்கையை இலக்கிய வரலாற்றின் பக்கத்திலிருந்து இவ்வளவு தெளிவாக விளக்கியோர் இறையியலாரிலும் சிலரே.

நாம் வியக்கும் ஒரு மௌனமும் இந்நூலில் உண்டு. ஆபிரகாம் தம் மகனைப் பலியிட முன்வந்த நிகழ்ச்சி குர்ஆனின் 37ஆம் சூராவிலும் வருகிறது. மகனின் பெயர் அங்கே கூறப்படவில்லை. இஸ்மவேல் என்பதே பெரும்பான்மை இஸ்லாமிய மரபு. ஆண்டுதோறும் இஸ்தான்புல் நகரம் முழுவதும் அதனைத் தியாகத் திருநாளாகக் கொண்டாடுகிறது. அந்நகரில் அமர்ந்து ஆபிரகாமின் பலியைப் பற்றி உலகப்புகழ் பெற்ற இயலை எழுதியவர், அத்திருநாளைப் பற்றி அவ்வியலில் ஒரு சொல்லும் கூறவில்லை. துருக்கி இலக்கியமும் அந்நூலில் இல்லை. மேலை இலக்கியம் என்பதே தம் எல்லை என்று அவர் கூறுவார், கூறலாம். ஆனால் மெல்ட்சலின் பத்து மொழிப் பட்டியலில் கண்ட அதே எல்லைக்கோடு, எழுபதாண்டுகள் கடந்தும், ஐரோப்பாவுக்கு வெளியே அமர்ந்தும், அழியாமல் நிற்பதை நாம் காணாதிருக்க இயலவில்லை.

இந்நூல் எவ்வாறு எழுதப்பட்டது என்பது பற்றி ஒரு கதை வழங்கிவருகிறது: நூல்களே இல்லாத ஊரில் நினைவிலிருந்தே எழுதினார் என்பது. தம் துறைக்கு வேண்டிய நிறைந்த நூலகம் அங்கில்லை, இருந்திருந்தால் இதனை எழுதத் துணிந்திருக்கமாட்டேன் என்று நூலின் முடிவுரையில் ஔவர்பாக் குறிப்பிட்டது உண்மை. ஆனால் பின்னாளில் அவரே தெரிவித்த மற்றொரு செய்தி உண்டு. கலாத்தாப் பகுதியிலுள்ள புனித பேதுரு தொமினிக்க மடத்தில், மீஞ் பதிப்பித்த சபைத் தந்தையர் நூல்வரிசை இருந்தது. அதனைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி அளித்தவர் அன்று துருக்கியில் போப்பின் தூதராக இருந்த ரொன்காலி ஆண்டகை. அவரே 1958இல் இருபத்துமூன்றாம் யோவான் என்னும் பெயருடன் போப்பாகி, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியவர். தெர்த்துல்லியனும் அகுஸ்தீனும் ஔவர்பாக்கின் பக்கங்களில் அவ்வளவு உயிரோடு உலவுவதற்கு அம்மடத்துப் புத்தக அடுக்குகளும் காரணம்.

போர் முடிந்தபின் 1947இல் அவர் அமெரிக்கா சென்றார். 1950இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பிராக் நகரில் பயின்று வந்த ரெனே வெல்லெக் அங்கே ஒப்பிலக்கியத் துறையை வளர்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் முதுகலை, முனைவர் பட்டப் படிப்பாக இத்துறை தழைத்ததற்கு இத்தகைய அகதிப் பேராசிரியர்களே பெரிதும் காரணர். 1952இல் வெளிவந்த உலக இலக்கிய மொழிநூல் பற்றிய கட்டுரையில் ஔவர்பாக் ஓர் அச்சத்தை வெளியிட்டார்: உலகம் சுருங்கி, ஒருசில மொழிகளோ ஒரே மொழியோ எஞ்சும் நாள் வருமாயின், உலக இலக்கியம் என்னும் கனவு நிறைவேறும் அக்கணமே அழிந்தும் போகும். அக்கட்டுரையின் இறுதியில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் துறவியான புனித விக்தோர் மடத்து ஹ்யூகோவை அவர் துணைக்கழைக்கின்றார். தாய்நாட்டை நேசிப்பவனைவிட எந்நாட்டையும் தன்னாடாகக் கொள்பவனும், அவனைவிட எந்நாட்டையும் அயல்நாடாகக் கருதுபவனும் முதிர்ந்தவர் என்பது ஹ்யூகோவின் கருத்து. உலகப்பற்றை அறுக்க விரும்பும் துறவிக்குக் கூறிய அவ்வறிவுரை, உலகை முறையாக நேசிக்க விரும்புவோருக்கும் பொருந்தும் என்று ஔவர்பாக் அதனைத் திருப்பிக்கொள்கின்றார். இத்திருப்பம் துறவியாருக்கு உவந்திருக்குமா என்பது ஐயமே. எட்வர்ட் சயீத் என்னும் பாலஸ்தீனக் கிறிஸ்தவக் குடும்பத்து அறிஞர் இக்கட்டுரையைத் தம் மனைவியாரோடு சேர்ந்து 1969இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

அதன்பின் நடந்தது மொழித்தகுதி பற்றிய நீண்ட வழக்கு. அமெரிக்க ஒப்பிலக்கியச் சங்கம் 1965இல் லெவின் தலைமையிலும் 1975இல் கிரீன் தலைமையிலும் பெற்ற அறிக்கைகள், மூலமொழிப் பயிற்சி தளர்ந்தால் துறையே தளரும் என்று எச்சரித்தன. 1993இல் பெர்ன்ஹைமர் தலைமையில் வந்த அறிக்கையோ, மொழிபெயர்ப்பின்மேல் இருந்த பழைய வெறுப்பைத் தணிக்கவேண்டும் என்றது. இல்லையேல் ஐரோப்பாவிற்கு அப்பாலுள்ள இலக்கியங்கள் என்றும் வெளியே நிற்கும் என்பது அதன் வாதம். 2003இல் காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக் இவ்விரண்டிற்கும் இடையில் வேறொரு வழி காட்டினார்: தென்னுலகின் மொழிகளையும் மூலத்திலேயே, உழைத்தே கற்கவேண்டும் என்பது. மூன்றனுள் இதுவே கடினமானது. இதுவே நேர்மையானதும் என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் இத்துறைக்கு வேர் முன்னரே இருந்தது. 1907இல் கல்கத்தாவில் தேசியக் கல்விக் கழகத்தின் சார்பில் இரவீந்திரநாத தாகூர் ஒப்பிலக்கியத்தைப் பற்றி உரையாற்றியபோது, அதனை விசுவ சாகித்தியம் என்றே அழைத்தார். அக்கழகத்தின் வழிவந்த ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் கவிஞர் புத்ததேவ போஸ் 1956இல் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கினார். தமிழில் ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி, பர்மிங்ஹாமில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களைக் கிரேக்கம் முதலிய பிற நாட்டு வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு 1968இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். மறு ஆண்டே ‘ஒப்பியல் இலக்கியம்’ என்னும் தமிழ்நூலையும் தந்தார். ஔவர்பாக் ஹோமரின் அருகில் ஆதியாகமத்தை வைத்தார். கைலாசபதி ஹோமரின் அருகில் புறநானூற்றை வைத்தார். ஆதியாகமத்தின் அருகில் புறநானூற்றை வைத்து அதே பொறுமையோடு வாசிக்கும் பணிக்கு இரண்டையும் மூலத்தில் அறிந்தோர் வேண்டும்.

இறையியல் உலகிலும் ஔவர்பாக்கின் குரல் ஒலித்தது. ஹான்ஸ் ஃபிரை 1974இல் வெளியிட்ட, திருமறைக் கதையின் மறைவு பற்றிய நூல் அவருக்குப் பெரிதும் கடன்பட்டது. 1981இல் ராபர்ட் ஆல்ட்டர் எபிரேயக் கதைக்கலையை ஆராய்ந்தபோதும் ஆதியாகமம் 22 பற்றிய அவ்வியலிலிருந்தே வழி பிறந்ததை ஒப்புக்கொண்டார். ஆனால் அவ்வியல் விட்ட இடங்களை மூலமொழியின் துணையால் நிரப்பினார். ‘மிமேசிஸ்’ நூலின் இயல்கள் ஒவ்வொன்றும் ஆராயப்படும் பகுதியை அதன் மூலமொழியிலேயே தலைப்பில் எடுத்துக்காட்டித் தொடங்குகின்றன: இலத்தீன், பழைய பிரெஞ்சு, இத்தாலியம், எசுப்பானியம், செருமானியம், ஆங்கிலம். முதல் இயலுக்கு மட்டும் அத்தகைய தலைப்புப்பகுதி இல்லை. ஹோமரின் கிரேக்கமும் அங்கே இல்லை. மோரியாவுக்குச் சென்ற வழியைக் கூறும் எபிரேயமும் இல்லை. அப்பத்தொன்பது வசனங்களையும் எபிரேயத்தில் எழுத்தெண்ணிப் படித்த நம் மாணவர், அவ்வியலைத் தம் எபிரேய நூலை அருகில் திறந்து வைத்துக்கொண்டு வாசிப்பாராக.